சகலை இறக்கிய ஏரேட்டர்

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் தயங்காமல் சொல்வேன். குடிக்க மாட்டான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவான். இதில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. ஒருவன்மேல் பொறாமைப்பட வேண்டுமென்றால் அவனும் கொஞ்சமாவது கெட்டவனாக இருந்து ஒத்துழைக்க வேண்டாமா? இவன் அதற்கும் வழி வைக்கவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். கல்யாணத்தின்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்றுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது மாமனார் "பிசினஸ்" என்று முணுமுணுத்துவிட்டு, "மூத்த மாப்ள கடலூர்ல பட்டறை வெச்சிருக்காரு" என்று உரக்கச் சொன்னார். அந்தக் கல்யாண மண்டபத்தில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

மாமனார் வீடு சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் இருக்கிறது. வருஷா வருஷம் ஆனித் தேரோட்டத்துக்கு இரண்டு மருமகன்களும் குடும்பத்தோடு போய்விட வேண்டும். தேர் பார்த்துவிட்டு வந்ததும் கூடத்தில் இலை போடுவார்கள். மூத்தவன் என்பதால் என் இலையில்தான் முதலில் பரிமாறுவார்கள். அப்படியே பல வருஷம் நடந்தது. ஒரு வருஷம் மாமனார், வடைத் தட்டோடு வந்த என் மாமியாரை நிறுத்தி, "சின்ன மாப்ள கிள்ளைக்குப் போவணுமாம், லோடு வந்து நிக்குதாம். அவருக்கு மொதல்ல வெய்யி" என்றார். வடை அவன் இலையில் விழுந்தது. அவன் பதறிப்போய், "ஐயோ மாமா, அண்ணனுக்கு வெச்சுட்டு எனக்கு வெய்யிங்க" என்று அதை எடுத்து என் இலையில் வைத்தான். அவன் வைத்த அந்த வடையை நான் தின்றேன். வேறென்ன செய்ய முடியும்?

சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் கிள்ளைக்கு வந்து நின்ற அந்த லோடுதான் என் தொழிலுக்கு உலை வைத்தது. அதைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் எனக்கு இரும்பு கடையும் லேத் பட்டறை. ஆரம்பத்தில் சிப்காட் பக்கத்துக் கம்பெனிகளின் பம்புகளுக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கிள்ளைப் பக்கமெல்லாம் இறால் குட்டை வெட்ட ஆரம்பித்தார்கள். இறால் குட்டைக்கு ஏரேட்டர் வேண்டும். தண்ணீரில் மிதந்தபடி இறக்கையைச் சுழற்றி, தண்ணீரை அடித்துக் காற்றைக் கலந்துவிடும் இயந்திரம் அது. மோட்டார், கியர் பாக்ஸ், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட், அதில் இறக்கைகள், அவ்வளவுதான். ஆனால் அது நின்றுபோனால் அந்தக் குட்டை இறால் மொத்தமும் மூச்சு முட்டிச் செத்துவிடும். வெளியூரிலிருந்து வந்த ஏரேட்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இதை நாமே செய்யலாமே என்று தோன்றியது. செய்தேன். கிள்ளையிலிருந்து பண்ணைக்காரர்கள் என் பட்டறையைத் தேடி வந்தார்கள். அதெல்லாம் நன்றாக ஓடிய காலம்.

என் வேலையில் ஒரு தனி முறை உண்டு. ஷாஃப்ட் சுழலும் இடத்தில் ஒரு நைலான் புஷ் இருக்கும். வளையம் போல இருக்கும், ஷாஃப்ட் அதற்குள் சுற்றும். நான் முதலில் ஷாஃப்டைக் கடைவேன். அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அதற்கென்று ஒரு புஷ் கடைவேன். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. உட்கார்ந்துவிட்டால் இரண்டையும் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டிவிடுவேன். ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த புஷ் இன்னொரு ஷாஃப்டில் ஏறாது. தேய்ந்துபோனால் பண்ணைக்காரர் ஷாஃப்டையும் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும். இதைவிடப் பெரிய வியாபார சூட்சுமம் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

சகலை இதே நேரத்தில் செல்போன் கவர் வியாபாரத்தில் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். சீனாவில் யாரிடம் கேட்டால் என்ன சரக்கு வரும், கண்டெய்னரில் எப்படி வரும், துறைமுகத்தில் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. சென்னையில் ஏதோ பொருட்காட்சிக்குப் போனவன், சீன ஏரேட்டர் கம்பெனி ஆள் ஒருவரைப் பிடித்துவிட்டான். கவர் இறக்கினவன் ஏரேட்டரை இறக்கினான். அதுதான் வடை தினத்தன்று கிள்ளையில் நின்ற லோடு.

அவன் விற்ற விலைக்கு எனக்கு மோட்டாரும் இரும்பும்கூட வராது. நான் ஒன்று செய்யும் நேரத்தில் சீனாக்காரன் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளுகிறான். போதாக்குறைக்கு இயந்திரத்தோடு உதிரிப் பொருள் பாக்கெட் வேறு. என்னிடம் வெகு நாளாக வாங்கிக்கொண்டிருந்த பண்ணைக்காரர் ஒருவரிடம் கேட்டேவிட்டேன், என்னை ஏன் விட்டீர்கள் என்று.

"வெல மட்டும் இல்ல மேஸ்திரி," என்றார் அவர். "அதுல பாக்கெட்டப் பிரிச்சி மாட்டுனா ஓடுது. ஒங்களுதுன்னா நான் வண்டி புடிச்சி கடலூர் வரணும்."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விலைதான் காரணம், அதற்கு டெல்லிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து பேப்பரில் சினிமாப் பக்கத்தைத் தள்ளிவிட்டு வணிகப் பக்கத்தைப் படித்தேன். இறக்குமதி வரி, சுங்க வரி, உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு என்று டீக்கடையில் நான் பேச ஆரம்பித்தால் டீ மாஸ்டரே அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பார். வெளிநாட்டு இயந்திரத்துக்கு வரி போட்டால் ஒரே நாளில் சகலையின் கடை காலி என்று கணக்குப் போட்டேன். நாட்டு நலனுக்காகத்தான் பேசுகிறேன் என்று மற்றவர்கள் நம்பினார்கள். எனக்குத் தெரியும், என் நாடு சிதம்பரம் கீழ வீதியோடு முடிந்துவிட்டது என்று.

பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கவும் போனோம். மனுவைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். சகலை. பண்ணைக்காரர்களுக்கு மானியம் வாங்கித் தர வந்திருந்தானாம். "என்னாண்ணே, வெயில்ல நிக்கிறீங்க" என்று எங்கள் அத்தனை பேருக்கும் லெமன் ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். யாருக்கு எதிராக மனு என்று எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜூஸ் நன்றாகவே இருந்தது.

வியாபாரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் விஷயம்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கு ஒரே மகள். பட்டறைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கச் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய்வர அலுப்பு என்று தாத்தா வீட்டிலேயே தங்கினாள். சித்தப்பா கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சில் பாதி சித்தப்பாதான். சித்தப்பா இப்படிச் சொன்னாங்க, சித்தப்பா அப்படிக் கேட்டாங்க. சாம்பார் ஊற்றும்போதுகூடச் சித்தப்பா. ஒருநாள் பொறுக்காமல், "ஒங்க சித்தப்பாவுக்கு லேத்துல ஒரு ஆணி கடையத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா," என்றாள். "தெரியாததக் கேப்பாங்க. அதான் அவுங்ககிட்ட பேசப் புடிக்குது."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி உப்பு ஜாஸ்தியா என்று கேட்டாள்.

கடைசி வருஷப் படிப்பில் மகள் ஒரு பெட்டி செய்துகொண்டு வந்தாள். டிபன் பாக்ஸ் அளவுதான். அதிலிருந்து ஒரு கம்பி குட்டைத் தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் செல்போனுக்குச் சொல்லும். போதுமான அளவு இருந்தால் ஏரேட்டரை நிறுத்தும், குறைந்தால் தானே ஓட்டும். பகலெல்லாம் வீணாக ஓடும் கரண்ட் மிச்சம். அதை முதலில் என்னிடம்தான் காட்டினாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும், முதலில் என்னிடம்தான்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மெஷின் ஓட ஓடத்தான் தேயும். தேஞ்சாத்தான் நமக்கு வேல வரும். அத நிறுத்துற பொட்டி நமக்கெதுக்கு?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அடுத்த வாரம் அந்தப் பெட்டி கிள்ளையில் சித்தப்பா சரக்கு இறக்கிவைக்கும் ஷெட்டில் இருந்தது.

இருந்தாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. பட்டறையின் முன்பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்து, மேசை நாற்காலி போட்டேன். வேலை இல்லாத நேரத்தில் இது எதற்கு என்று மனைவி திட்டினாள். மகள் படிப்பை முடித்துவிட்டு வந்து அந்த அறையில் உட்கார வேண்டும். பட்டறை அவள் கைக்குப் போக வேண்டும். இதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அப்போதுதான் அமெரிக்கா இந்திய இறாலுக்கு வரியை ஏற்றியது. டீக்கடையில் பேப்பரில் பார்த்தேன். அங்கே வரி ஏறினால் இங்கே இறால் விலை விழும், விலை விழுந்தால் பண்ணைக்காரர் குட்டையில் இறால் குஞ்சு விட மாட்டார், குஞ்சு விடாதவருக்கு ஏரேட்டர் எதற்கு? சகலையின் ஷெட்டில் புதிதாக ஒரு கண்டெய்னர் சரக்கு இறங்கியிருந்தது எனக்குத் தெரியும். டெல்லி செய்யாததை வாஷிங்டன் செய்துவிட்டது. இந்தியாவிலேயே அந்தச் செய்திக்கு ஜிலேபி வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி பொட்டலத்தைப் பார்த்தாள். "என்னா விசேஷம்?"

"சும்மாதான். சாப்புடணும்னு தோணுச்சு."

"என் தங்கச்சி இப்பத்தான் போன் பண்ணி அழுதுனு கெடந்தா. சரக்கெல்லாம் தேங்கிப் போச்சாம். நீங்க ஜிலேபி வாங்கினு வந்து நிக்கிறீங்க." என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பொட்டலத்தை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். அதை யாரும் சாப்பிடவில்லை. எறும்புதான் சாப்பிட்டது.

அந்த வாரமே எனக்கு ஒரு போன் வந்தது. என்னைக் கைவிடாமல் இருந்த ஒன்றிரண்டு பண்ணைக்காரர்களில் ஒருவர். "மேஸ்திரி, அந்த மெஷினு சொன்னன் இல்ல? இப்ப வேணாம். எறா எடுக்கறவன் அடிமாட்டு வெலைக்குக் கேக்குறான். இந்த தடவ குஞ்சே வுடல." இறாலுக்குப் போட்ட வரி சகலைக்கு மட்டும் வந்து சேரும் என்று நான் எப்படி நினைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. கிள்ளைக் குட்டையில் பிடித்த இறால் ஐஸில் ஏறிக் கம்பெனிக்குப் போய்க் கப்பலேறி அமெரிக்காக்காரன் தட்டுக்குப் போகிறது. அந்த வரிசையில் சகலை நிற்கும் அதே இடத்தில்தான் நானும் நின்றுகொண்டிருந்தேன். பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர்கள் இரண்டு பேரும் வேலை இல்லாமல் மதியமே வீட்டுக்குப் போனார்கள்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. நான் விழுந்தால் பரவாயில்லை, அவன் விழுந்ததை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி போய்வரலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிள்ளைக்குப் போனேன். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தொழில்னா ஏத்தம் எறக்கம் இருக்கத்தான் செய்யும் தம்பி, மனச வுட்றாத.

ஷெட் வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டியில் ஏரேட்டர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு வண்டி வரிசையில் நின்றது. சகலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களோடு தூக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்கண்ணே! விக்க முடியலண்ணே. முழுசா குடுக்க எவுங்ககிட்டயும் காசு இல்ல. அதான் மாச வாடகைக்கு வுட்டுட்டன். மெஷினோட நம்ம பாப்பா செஞ்ச பொட்டியும் போவுது. கரண்ட் பில்லு கொறையுதுன்னு தெரிஞ்சதும், குஞ்சு வுட மாட்டேன்னவங்க பாதி பேரு மறுபடி வுடுறாங்கண்ணே. அமெரிக்கா வாங்கலன்னா பெங்களூர்ல திங்கிறவங்க இல்லியா?"

நான் தயாரித்து வைத்திருந்த ஆறுதலுக்கு அங்கே வேலையே இல்லை. எந்தப் பெட்டியை நமக்கு எதற்கு என்று கேட்டேனோ அந்தப் பெட்டி அவனைத் தூக்கி நிறுத்தியிருந்தது. என் வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, வாசலில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.

அப்போது உள்ளேயிருந்து ரப்பர் பூட்சோடு என் மகள் வந்தாள். காலேஜில் ப்ராஜெக்ட் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தாள். நெற்றியில் சேறு. "அப்பா!" என்று முகம் மலர்ந்தாள். பிறகு அங்கேயே சொன்னாள். "வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தன்பா. படிப்பு முடிஞ்சதும் இங்கயே சேந்துக்குறேன். இந்தப் பொட்டிக்கெல்லாம் ஆளு வேணும். நம்ம பட்டறைக்கு அப்புறமா வர்றேன்பா."

"நல்லா பண்ணும்மா" என்றேன். வாய் சொல்லிவிட்டது. பரங்கிப்பேட்டை தாண்டும்வரை நான் என்ன நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன் என்று எழுதினால் என் வீட்டாரே என்னோடு பேச மாட்டார்கள். பட்டறைக்கு வந்து அந்தக் கண்ணாடி அறையின் ஏசி சுவிட்சை அணைத்தேன். தூசி படியக் கூடாதென்று தினமும் கொஞ்ச நேரம் போட்டுவைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, மகள் படிப்பை முடித்து அந்த ஷெட்டில் சேர்ந்த பிறகு, சகலை பட்டறைக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். என் பட்டறையில் அப்படிக் கழற்றுகிறவர்கள் நானும் அவனும்தான். கையில் ஒரு ஷாஃப்டும் ஒரு நைலான் புஷ்ஷும்.

"அண்ணே, உதிரி சாமான் கண்டெய்னரு சென்னைல மாட்டினு இருக்குது. என்னமோ புது ரூல்ஸாம், சர்ட்டிபிகேட்டு கேக்குறாங்க. எப்ப வுடுவாங்கன்னே தெரியல. வாடகைக்கு வுட்ட மெஷின்லாம் தேஞ்சு நிக்குது. இது ரெண்டும் நீங்கதான் செஞ்சு தரணும்."

டெல்லிக்காரன் கடைசியில் என் மனுவைப் படித்துவிட்டான் போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முடியாது என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. ஆனால் பட்டறை சும்மா கிடந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. என் சரக்கு போய் இறங்கும் இடத்தில் என் மகள் இருக்கிறாள். அப்பாவின் கை எப்படிப்பட்ட கை என்று சித்தப்பாவின் ஷெட்டில் வைத்து அவள் பார்க்கட்டும். பார்த்தால் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

டர்னர்களை நம்பாமல் புஷ் எல்லாம் நானே கடைந்தேன். ஒவ்வொன்றும் தன் ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ஜோடி ஜோடியாகச் சிவப்பு நூல் கட்டினேன். வண்டி பிடித்து நானே கிள்ளைக்குக் கொண்டுபோனேன்.

ஷெட்டில் வந்த சரக்கைப் பார்த்து எடுப்பது மகளின் வேலை என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. பெஞ்சு மேல் என் ஷாஃப்டுகளை வரிசையாக வைத்தாள். ஒரு ஜோடியைக் கையில் எடுத்து, புஷ்ஷை உருவி, மறுபடி போட்டுப் பார்த்தாள். "சூப்பர்பா" என்றாள். நான் சகலையைப் பார்த்தேன். அவனும் தலையை ஆட்டினான். அந்த ஒரு நிமிஷம் நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

அடுத்து அவள் நூல்களை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா அவுக்குற? ஜோடி கலைஞ்சிடும்" என்று பதறினேன்.

"கலைச்சுத்தாம்பா பாக்கணும்."

எல்லா புஷ்ஷையும் ஒரு கூடையில் போட்டுக் கலக்கினாள். கைக்கு வந்த புஷ்ஷை எடுத்துக் கைக்கு வந்த ஷாஃப்டில் போட்டாள். ஏறவில்லை. இன்னொன்று ஏறியது, ஆனால் லொட லொடவென்று ஆடியது. அடுத்தது பாதியில் மாட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். அளந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள்.

சகலைக்குத்தான் தாங்கவில்லை. "வுடும்மா. அண்ணன் எப்படிக் கட்டிக் குடுத்தாரோ அப்படியே ஜோடியா மாட்டிக்கலாம்."

"எப்படி சித்தப்பா? நடுராத்திரி புஷ்ஷு போச்சுன்னா குட்டைக்காரரு எதோட ஜோடி எதுன்னு தேடினா இருப்பாரு? அதுக்குள்ள எறா செத்துடும். எத எடுத்தாலும் எதுலயும் ஏறணும்." என் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "அப்பா, இத எடுத்துக்க முடியாதுப்பா. திருப்பி எடுத்துனு போங்க."

கம்பி சப்ளை செய்கிறவன் கோணல் கம்பி கொண்டுவந்தால் நான் எப்படித் திருப்பி அனுப்புவேனோ, அதே குரல். யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. பெருமையாக இருந்தது. ஆனால் இந்தக் குரல் தினமும் கேட்பது சகலையின் ஷெட்டில்தானே, இவன் சரக்கைத்தானே இது காப்பாற்றுகிறது என்று உடனே தோன்றியது. சகலை தலையைக் குனிந்துகொண்டு தன் கையாலேயே என் சரக்கை வண்டியில் ஏற்றினான். அவன் சிரித்திருந்தால் அடித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

வண்டி கிளம்பும்போது மகள் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க கை சுத்தம் யாருக்கும் வராதுப்பா. ஆனா நீங்க ஷாஃப்ட்ட பாத்து புஷ்ஷு கடையிறீங்க. அளவ பாத்துக் கடையணும். ஷாஃப்ட்டு கண்ணுலயே படாம புஷ்ஷு வரணும். அளவு சரியான்னு போட்டுப் பாக்க நான் வந்து கேஜ் செஞ்சு தர்றேன். டர்னர் அண்ணனுங்களுக்கும் காட்டுறேன். அப்புறம் நமக்கு இந்த ஒரு ஷெட்டு மட்டும் இல்லப்பா, எந்த ஊரு கம்பெனிக்கும் செஞ்சு குடுக்கலாம்."

நமக்கு என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். "எப்பம்மா வருவ?"

"திங்கக்கெழம, செவ்வாக்கெழம. வாராவாரம் அந்த ரெண்டு நாளு போயிட்டு வான்னு சித்தப்பா சொல்லிட்டாங்க."

சொன்னபடி வந்தாள். கண்ணாடி அறையில் உட்காரவே இல்லை, லேத் பக்கத்திலேயே நின்றாள். இத்தனை வருஷம் கையையும் கண்ணையும் நம்பினவனுக்கு எண்ணைப் பார்த்து நிறுத்துவது லேசில் வரவில்லை. ஷாஃப்டுகளை முதலில் ஒரே அளவுக்குக் கடைய வைத்து, பிறகு என் கண்ணில் படாமல் துணி போட்டு மூடிவைத்தாள். கடைந்த புஷ் கேஜில் ஏறாவிட்டால் அதைத் தனியாக வைத்துவிட்டு இன்னொரு நைலான் துண்டை நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குவியல் வளர்வது நின்றது. இரண்டாவது நாள் சாயங்காலம் புஷ்ஷையெல்லாம் கூடையில் போட்டுக் கலக்கிக் கையில் வந்ததை எடுத்துக் கைக்கு வந்த ஷாஃப்டில் போட்டோம். ஏறியது. அடுத்ததும் ஏறியது. டர்னர்கள் கைதட்டினார்கள். அவள் என் தோளில் இடித்தாள். நூல் கட்ட வேண்டிய வேலை அன்றோடு போனது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். "அவருக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. அங்க எவ்ளோ வேல கெடக்குதோ, அனுப்பி வெச்சிருக்காரு இல்ல?"

போன் போட்டேன். அவன் எடுத்ததும், "தம்பி, பொண்ண ரெண்டு நாளு அனுப்புனதுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

"என்னாண்ணே, தேங்க்ஸ்லாம் சொல்லினு?" என்று அவன் கூச்சப்பட்டான். "அது ஒங்க பொண்ணுண்ணே."

சரியாகத்தான் சொன்னான். எப்போதும் சரியாகத்தான் சொல்வான். என் மகள் என் மகள்தான் என்று அவன் சொல்ல, நான் சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். உள்ளே அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, காலையில சிதம்பரம் பஸ்ஸுக்கு என்ன ஏத்தி வுட்டுருங்க. லேட்டாவக் கூடாது, சித்தப்பா காத்துனு இருப்பாங்க" என்றாள். சரிம்மா என்றேன்.